கேமிங் பிசிக்கு 1 டிபி எஸ்எஸ்டி: கடைக்காரர் ஜென்5 எடுக்கச் சொல்றார், எடுக்கலாமா?

ரிசர்வாயர்ஹில்ஸ்_பாலா

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல இருக்கேன். வீட்டு கேமிங் பிசியில இப்போ ரெண்டு டிஸ்க். 240 ஜிபி சாட்டா (கேபிள்ல மாட்டுற பழைய வகை) எஸ்எஸ்டியில விண்டோஸ் 10. பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க்ல கேம் எல்லாம். பல்டர்ஸ் கேட் 3 ஒரு சேவ் லோடாகுறதுக்குள்ள டீ போட்டு குடிச்சுட்டு வந்துடலாம். சைபர்பங்க்ல வண்டியைக் கொஞ்சம் வேகமா ஓட்டினா எதிர்ல இருக்கிற கட்டடம் மொழுமொழுன்னு நிக்குது, நான் தாண்டிப் போன பிறகுதான் ஜன்னலே முளைக்குது.

பட்ஜெட் 2,000 ரேண்ட். இழுத்துப் பிடிச்சா 2,300. கடையில கேட்டதுக்கு, "இனிமே ஜென்5தான், விநாடிக்கு 14,000 எம்பி, ஒரே தடவையா செலவு பண்ணிடுங்க"ன்னார். ஜென்னா டிஸ்க்கும் போர்டும் பேசுற பிசிஐஇ வழியோட தலைமுறையாம். ஜென்5 கைக்கு எட்டாத விலை. நெட்ல தேடினா ஜென்3, ஜென்4, டிராம் இருக்கு, டிராம் இல்ல, டிஎல்சி, க்யூஎல்சின்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கேம் விளையாடத்தான் வேணும், வீடியோ எடிட்டிங் கிடிட்டிங் எதுவும் இல்ல. எதை எடுக்கலாம்?

லெனேசியா_லோகா

போர்டு என்ன, பிராசசர் என்ன, கிராஃபிக்ஸ் கார்டு என்ன? அதைச் சொல்லாம யார் எந்த டிரைவை எடுக்கச் சொன்னாலும் காதுல போட்டுக்காதீங்க அண்ணா. கடைக்காரர் இதைக் கேட்டாரா?

வெருலம்_வேலன்

எந்த போர்டா இருந்தா என்ன. ஜென்5 எல்லாம் காசைக் கரைக்கிற வேலை. 2 டிபி குரூஷியல் பி3 எடுத்துப் போடுங்க. உங்க பட்ஜெட்டுக்குக் கொஞ்சம் மேல போகும், ஆனா ரெண்டு மடங்கு இடம். இப்போ வர்ற கேம் ஒவ்வொண்ணும் 100 ஜிபிக்கு மேல. பல்டர்ஸ் கேட் 3-க்கே 150 ஜிபி கேக்குறான். 1 டிபி வாங்கினா ஆறு மாசத்துல எதை அழிக்கலாம்னு உக்காந்து யோசிப்பீங்க.

ரிசர்வாயர்ஹில்ஸ்_பாலா

கடைக்காரர் கேக்கலை லோகா. பி550 போர்டு, ரைசன் 5 5600ஜி, 16 ஜிபி ரேம். முதல்ல கார்டு வாங்கக் காசு இல்லாததால உள்ளயே கிராஃபிக்ஸ் இருக்கிற ஜி போட்ட பிராசசரா எடுத்தேன். அப்புறம் ஆர்எக்ஸ் 6600 சேத்தேன். போர்டு பெட்டியில பிசிஐஇ 4.0 எம்.2-ன்னு (எஸ்எஸ்டியை போர்டுலயே சொருகுற ஸ்லாட்டு) பெருசா போட்டிருக்கு, அதனால ஜென்4 ஓடும்னு நினைக்கிறேன்.

மிட்ராண்ட்_செந்தில்

ஓடாது பாலா. டிரைவ் வேலை செய்யும், ஆனா ஜென்4 வேகத்துல ஓடாது.

பி550 போர்டுல மேல இருக்கிற எம்.2 ஸ்லாட்டு நேரா பிராசசரோட பேசும். அதனால அங்க என்ன வேகம் கிடைக்கும்ங்கிறதை பிராசசர்தான் முடிவு பண்ணுது. ரைசன் 5600, 5600எக்ஸ், 5700எக்ஸ் இதுங்க எல்லாம் பிசிஐஇ 4.0. ஆனா 5600ஜி, 5700ஜி ரெண்டும் 3.0. 5500-ம் அப்படித்தான், பேரைப் பாத்து ஏமாறுற ஆள் நிறைய. கீழ இருக்கிற ரெண்டாவது ஸ்லாட்டு சிப்செட் வழியா வரும், பி550 சிப்செட்டு தர்ற லேன் (டேட்டா போற பாதை) எல்லாம் 3.0-தான். ஆக உங்க மெஷின்ல எந்த ஸ்லாட்டுல எந்த டிரைவைப் போட்டாலும் உச்சம் விநாடிக்கு 3,500 எம்பி பக்கம்தான். 14,000 எம்பி டிரைவைச் சொருகினாலும் அதே 3,500.

இதைக் கேட்டு மனசு ஒடைஞ்சு போக வேண்டாம். உங்க சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி. ஹார்ட் டிஸ்க் நல்ல நாள்லயே 150-ஐத் தாண்டுறது கஷ்டம். அதுவும் பெரிய ஃபைலைத் தொடர்ச்சியா படிச்சா. கேம் படிக்கிறது துண்டு துண்டா, அங்க ஒண்ணு இங்க ஒண்ணு. ஹார்ட் டிஸ்க்ல ஊசி அங்கயும் இங்கயும் ஓடணும், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சில மில்லிசெகண்டு போகும். எஸ்எஸ்டியில அந்த ஓட்டமே கிடையாது. சைபர்பங்க் ஜன்னல் லேட்டா முளைக்கிறதுக்குக் காரணம் இதுதான். 2.0 அப்டேட் வந்ததுலேர்ந்து அவங்களே குறைந்தபட்சத் தேவையில எஸ்எஸ்டின்னு போட்டுட்டாங்க, ஹார்ட் டிஸ்க்கை விட்டுட்டாங்க.

பெட்டி மேல பெருசா அச்சடிச்சிருக்கிற நம்பர் எல்லாம் பெரிய ஃபைலை ஒரே மூச்சுல படிக்கிற வேகம். 4 கேபி துண்டுகளை ஒண்ணொண்ணா எடுக்கச் சொன்னா நல்ல ஜென்3-க்கும் விலையுயர்ந்த ஜென்5-க்கும் இடைவெளி ரொம்பக் குறுகிப் போயிடும்.

ரிசர்வாயர்ஹில்ஸ்_பாலா

அப்போ பிராசசரையும் மாத்தணுமா? பட்ஜெட் எங்கயோ போகுதே.

லெனேசியா_லோகா

யார் மாத்தச் சொன்னா? இதுக்காக ஒரு ரேண்ட் கூட செலவு பண்ணாதீங்க.

ஹார்ட் டிஸ்க்லேர்ந்து எந்த எஸ்எஸ்டிக்கு வந்தாலும் அது வேற உலகம். சாட்டாவுலேர்ந்து என்விஎம்இ-க்கு (பிசிஐஇ வழியா பேசுற எஸ்எஸ்டி) வந்தா பெரும்பாலான கேம்ல லோடிங் ஒண்ணு ரெண்டு செகண்டு குறையும். ஜென்3-லேர்ந்து ஜென்4-க்குப் போனா கடிகாரம் வெச்சுப் பாத்தாத்தான் தெரியும். எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்ங்கிறது) ஏறாது. கடைக்காரர் யாராவது "எஃப்பிஎஸ் ஏறும்"னு சொன்னா அடுத்த கடைக்கு நடங்க.

டைரக்ட்ஸ்டோரேஜ்னு ஒண்ணு, கேம் டேட்டாவை டிஸ்க்லேர்ந்து வேகமா எடுக்கிற விண்டோஸ் வசதி, அதைச் சொல்லி பயமுறுத்துவாங்க. மைக்ரோசாஃப்ட் அதை 2022 மார்ச்லயே டெவலப்பர்களுக்குக் கொடுத்துடுச்சு. முதல் பிசி கேம் ஃபோர்ஸ்போக்கன், 2023 ஜனவரி. அதுக்கப்புறம் விரல் விட்டு எண்ணுற மாதிரிதான் வந்திருக்கு. என்விஎம்இ இருந்தா போதும், ஜென்3-லயும் ஓடும்.

ஜென்4 டிரைவை உங்க ஜென்3 ஸ்லாட்டுல போடலாம், ஒண்ணும் ஆகாது. இப்போ கடையில நல்ல ஜென்3 தேடுறதுதான் கஷ்டம், எல்லாரும் ஜென்4-க்குப் போயிட்டாங்க. நாளைக்கு 5700எக்ஸ் மாதிரி ஒண்ணு மாத்தினா அதே டிரைவ் தானா முழு வேகத்துக்கு வந்துடும். அதனால நடுத்தர விலையில ஒரு ஜென்4 எடுங்க.

மெரிபேங்க்_மாமா

தம்பி பாலா, எல்லாரும் வேகத்தைப் பத்தியே பேசுறாங்க. நான் ரிப்பேர் மேசையில உக்காந்திருக்கிறவன், நான் பாக்குறது வேற. கரண்ட் போச்சுன்னா உன் வீட்ல என்ன ஏற்பாடு?

லோட்ஷெடிங் (நேரம் போட்டு கரண்டை நிறுத்துறது) முடிஞ்சு போச்சுன்னு எல்லாரும் நினைச்சோம். 2024 மார்ச் 26-ல நின்னது, பத்து மாசம் நிம்மதியா இருந்தோம். 2025 ஜனவரி 31 அன்னைக்குத் திரும்ப வந்துட்டான். அது இல்லாட்டியும் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் வெடிச்சதுன்னு நம்ம பக்கம் ஏதாவது ஒண்ணு இருந்துகிட்டே இருக்கும்.

கடையில கிடைக்கிற சாதாரண எஸ்எஸ்டியில, கரண்ட் திடீர்னு போனா கையில இருக்கிற டேட்டாவை எழுதி முடிக்கிற அளவுக்குக் கெப்பாசிட்டர் வெச்சிருக்க மாட்டான். அது சர்வருக்கு விக்கிற டிரைவ்ல இருக்கும், விலை வேற. நம்ம டிரைவ்ல ஏற்கனவே எழுதினது பத்திரமா இருக்கும். எழுதிக்கிட்டிருக்கிற பாதி போயிடும். கேம் பேட்ச் இறங்கிக்கிட்டிருக்கும்போது போனா ஃபைல் கெட்டுப் போகும், ஸ்டீம்ல 'வெரிஃபை' பண்ணினா சரியாயிடும். விண்டோஸ் அப்டேட் நடுவுல போனா அப்புறம் என் மேசைக்குத்தான் வரணும். ரொம்ப மோசமான நேரத்துல போனா, எந்த டேட்டா எந்த சில்லுல இருக்குன்னு டிரைவ் தனக்குள்ள வெச்சிருக்கிற கணக்கே குழம்பிடும், பயோஸ்லயே டிரைவ் தெரியாது. நல்ல கம்பெனி டிரைவ்ல இது அரிது. பேர் தெரியாத மலிவு டிரைவ்ல அவ்வளவு அரிதில்ல.

போகும்போது வர்ற ஆபத்தை விட திரும்ப வரும்போது வர்றது பெருசு. தெருவுல இருக்கிற அத்தனை ஃபிரிட்ஜும் கீசரும் ஒரே நேரத்துல இழுக்கும், வோல்டேஜ் ஆடும். அதனால சர்ஜ் பிளக் கட்டாயம். கரண்ட் போனதும் பிசி பிளக்கை சுவத்துலேர்ந்து பிடுங்கிடு, வந்து சில நிமிசம் ஆன பிறகு மாட்டு.

இன்வெர்ட்டர் வெச்சிருக்கியா? இருந்தா அதுல 'அப்ளயன்ஸ்' 'யூபிஎஸ்'னு ரெண்டு மோடு இருக்கும், பாரு. அப்ளயன்ஸ்ல வெச்சிருந்தா மாறுறதுக்கு 20 மில்லிசெகண்டு வரைக்கும் எடுக்கும். பிசி பவர் சப்ளை 16 மில்லிசெகண்டு பக்கம் தாங்கினா போதும்னுதான் விதியே இருக்கு. கேம் ஓடிக்கிட்டிருக்கும்போது மாறினா படக்குன்னு ரீஸ்டார்ட் ஆகும். யூபிஎஸ் மோடுல 10 மில்லிசெகண்டு, அது சமாளிக்கும். நிறைய வீட்ல இன்வெர்ட்டர் வாங்கி மாட்டினதோட சரி, இந்த செட்டிங்கைத் தொட்டுப் பாத்தவங்க கிடையாது.

இன்வெர்ட்டர் இல்லேன்னா சின்ன யூபிஎஸ் ஒண்ணு. 650 விஏன்னு போட்டிருந்தா வாட் கணக்குல 360 பக்கம்தான் வரும், ஏமாறாதே. உன் 5600ஜி-யும் 6600-ம் சேர்ந்து அதுக்குள்ள அடங்கும். கேம் விளையாட இல்ல அது, சேவ் பண்ணிட்டு ஷட்டவுன் பண்ண. நான் சொல்றது என்னன்னா, டிரைவ்ல 500 ரேண்ட் மிச்சம் பிடிச்சு அதை இதுல போடு.

வெருலம்_வேலன்

மாமா சொன்னதுக்கு ஒரு கும்பிடு. அதனாலதான் நானும் சொல்றேன், வேகத்துக்குக் காசு கொடுக்காதீங்க, இடத்துக்குக் கொடுங்க. 2 டிபி பி3. உங்க ஸ்லாட்டு ஜென்3, டிரைவும் ஜென்3, 3,500 எம்பி. ஜாடிக்கு ஏத்த மூடி.

மிட்ராண்ட்_செந்தில்

வேலன், பி3 க்யூஎல்சி. அதை சொல்லாம விட்டுட்டீங்க.

பாலா, டிஎல்சின்னா ஒரு செல்லுல 3 பிட். க்யூஎல்சின்னா 4 பிட். 3 பிட்டுக்கு 8 வோல்டேஜ் நிலை பிரிச்சுப் பாக்கணும், 4 பிட்டுக்கு 16. அதே இடத்துக்குள்ள நிலைகள் நெருங்கி வர்றதால எழுதுறதும் மெதுவு, தேயுறதும் சீக்கிரம். இதை மறைக்கத்தான் எல்லா டிரைவும் காலியா இருக்கிற செல்களைத் தற்காலிகமா ஒரு பிட் மட்டும் வெச்சு வேகமா எழுதிக்கும். லாரியில வந்த மூட்டையை முதல்ல திண்ணையில இறக்கிட்டு, ஆள் போன பிறகு உள்ள அடுக்குற மாதிரி. திண்ணை நிறைஞ்சுட்டா லாரி நிக்கணும். அந்தக் கட்டத்துல டிஎல்சி நல்ல வேகத்துல எழுதிக்கிட்டே போகும். க்யூஎல்சி ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கு இறங்கிடும், சில சமயம் அதுக்கும் கீழ. டிரைவ் நிறைய நிறைய திண்ணையும் சுருங்கும்.

தேய்மானக் கணக்கும் பாருங்க. பி3 1 டிபிக்கு 220 டெராபைட் எழுதுற வரைக்கும்தான் உத்தரவாதம். அதே 1 டிபியில டபிள்யூடி பிளாக் எஸ்என்770-க்கு 600. லெக்சார் என்எம்790-க்கு 1,000.

வெருலம்_வேலன்

சரி, க்யூஎல்சிதான். அதனால என்ன? பாலா என்ன எழுதப் போறார்? கேம்ங்கிறது ஒரு தடவை இறக்குறது, நூறு தடவை படிக்கிறது. படிக்கிறதுல க்யூஎல்சி தேயாது. இறக்குற வேகத்தையும் கணக்கு போடுங்க. 100 எம்பிபிஎஸ் ஃபைபர்ன்னா விநாடிக்கு 12.5 எம்பி. 1 ஜிபிபிஎஸ் லைன் வெச்சிருந்தாலும் 125 எம்பி. உங்க திண்ணை நிறையவே நிறையாது செந்தில்.

220 டெராபைட்டை அஞ்சு வருசத்துக்குப் பிரிச்சா ஒரு நாளைக்கு 120 ஜிபி. தினமும் ஒரு பல்டர்ஸ் கேட் இறக்கி அழிச்சாத்தான் அதைத் தாண்டலாம். 2 டிபி மாடலுக்கு 440, அதையும் தாண்ட முடியாது.

மிட்ராண்ட்_செந்தில்

இறக்குறதுக்கு உங்க கணக்கு சரி. பேட்ச்சுக்கு சரியில்ல. ஸ்டீம் பேட்ச் போடும்போது இறக்குறது 2 ஜிபியா இருக்கலாம், ஆனா அது தொடுற பேக் ஃபைல் (கேம் டேட்டாவை மொத்தமா கட்டி வெச்சிருக்கிறது) 40 ஜிபியா இருந்தா அதை முழுக்கப் படிச்சு, மாத்தி, புதுசா எழுதும். அங்க இன்டர்நெட் வேகம் கணக்கில்ல, டிஸ்க் வேகம்தான். முக்கால்வாசி நிறைஞ்ச க்யூஎல்சியில இதை ஓட விட்டுப் பாருங்க.

ஆனாலும் ஒண்ணு ஒத்துக்கிறேன். விண்டோஸ் வேற டிரைவ்ல இருந்து, இது வெறும் கேம் கிடங்கா மட்டும் இருந்தா க்யூஎல்சி பாவமில்ல. பாலாவுக்கு விண்டோஸும் இதுலதான் வரப் போகுது. 240 ஜிபி பழைய சாட்டாவை எத்தனை நாளைக்கு வெச்சிருப்பார்? விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சு போச்சு, எப்படியும் 11 போடணும். ஒரே டிரைவ்ல எல்லாம்னா டிஎல்சி.

யாழ்ப்பாணத்து_டர்பன்வாசி

வணக்கம் பிள்ளையள். டிராம் கதையை ஒருத்தரும் சொல்லேல்லை, நான் சொல்லுறன். டிரைவுக்குள்ள எந்த டேட்டா எங்க கிடக்குது எண்டு ஒரு பெரிய அட்டவணை இருக்கும். 1 டிபிக்குக் கிட்டத்தட்ட 1 ஜிபி வரும். விலை கூடின டிரைவில அதை வைக்க எண்டே தனி டிராம் சிப் இருக்கும். சாம்சங் 990 ப்ரோ, எஸ்என்850எக்ஸ், குரூஷியல் டி500 எல்லாம் அந்த வகை. எஸ்என்770, என்எம்790 மாதிரியானதில டிராம் இல்லை. அதுக்குப் பதிலா உங்கட பிசியின்ர ரேமில கொஞ்சத்தைக் கடன் எடுக்கும், 64 எம்பி மாதிரி. அதுக்குப் பேர் ஹோஸ்ட் மெமரி பஃபர். விண்டோஸ் 10-ல 2017-ல இருந்தே இருக்குது. கேம் விளையாடுறவருக்கு இது தாராளம். டிராம் இல்லை எண்டு பயந்து கூடக் காசு குடுக்கத் தேவையில்லை.

ஆனா இந்த வசதி என்விஎம்இ-க்கு மட்டும்தான். சாட்டா டிரைவில டிராம் இல்லாட்டி இல்லைதான், கடன் வாங்க வழியே இல்லை. மலிவு சாட்டா வாங்கிப்போட்டு விண்டோஸ் இழுக்குது எண்டு அழுகிற ஆக்கள் இதைப் பாக்கிறேல்லை.

இன்னுமொண்டு. எங்க வாங்கினாலும் பில்லை வச்சிருங்கோ. இந்த நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்ர (2008) 56-ஆம் பிரிவு ஆறு மாதத்துக்குள்ள பழுதான பொருளைத் திருப்பிக் குடுக்க உரிமை தந்திருக்குது. திருத்துறதோ, மாத்துறதோ, காசைத் திருப்பித் தாறதோ, அதைத் தெரிவு செய்யிறது நீங்கள், கடைக்காரன் இல்லை. நான் ஒருக்கா ஒரு கடையில நிண்டு வாதாடினனான். "எங்கட பொலிசி கிரெடிட் நோட் மட்டும்தான்" எண்டு சொல்லிச்சினம். பிரிவு நம்பரைச் சொன்ன பிறகு மேனேஜரைக் கூப்பிட்டவை, காசு வந்தது. ஆன்லைனில வாங்கினா 2002-ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டப்படி ஏழு நாளுக்குள்ள காரணம் சொல்லாமலே திருப்பலாம், அனுப்புற செலவு மட்டும் உங்கட தலையில.

வெருலம்_வேலன்

வெளிநாட்டு சைட்டுல 2 டிபி பாதி விலைக்குக் கிடைக்குது, அதையும் பாருங்க பாலா.

மெரிபேங்க்_மாமா

வேலா, அனுப்புற செலவு, 15 சதவீதம் வாட் வரி எல்லாம் சேத்தா பாதி விலை எங்க நிக்குது? பழுதானா எந்த ஊருக்கு அனுப்புவே? யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்ன சட்டம் அங்க இருக்கிறவனைக் கட்டுப்படுத்துமா?

'16 டிபி போர்ட்டபிள் எஸ்எஸ்டி' ஒண்ணு கொண்டாந்தார் ஒருத்தர். பேத்தி கல்யாண போட்டோ எல்லாம் அதுல போட்டு வெச்சிருந்தார். திறந்து பாத்தா ஒரு கார்டு ரீடர், அதுல ஒட்டின ஒரு மெமரி கார்டு. 16 டிபின்னு விண்டோஸ்கிட்ட பொய் சொல்ற மாதிரி ஃபர்ம்வேரை மாத்தி வெச்சிருக்கான். உண்மையான இடம் நிறைஞ்சதும் பழசு மேலயே எழுதிக்கிட்டே போயிருக்கு. பெயர் இருக்கு, அளவு இருக்கு, திறந்தா படம் இல்ல. சந்தேகமா இருந்தா ஹெச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு சின்ன இலவச புரோகிராம் இருக்கு, முழுக்க எழுதித் திருப்பிப் படிச்சுப் பாக்கும். ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்கு.

நல்ல கம்பெனியிலயும் ஒரு விஷயம் கவனி. கிங்ஸ்டன் என்வி2 மாதிரி சில மாடல்ல உள்ள எந்த ஃபிளாஷ், எந்த கண்ட்ரோலர்னு விவரத்துல சொல்றதே இல்ல. விமர்சனம் எழுதினவங்க கைக்கே வேற வேற கண்ட்ரோலரோட வந்திருக்கு. மோசம்னு சொல்லலை, எது வரும்னு தெரியாது, அவ்வளவுதான்.

லெனேசியா_லோகா

போட்டோவை எஸ்எஸ்டியில போட்டு அலமாரியில வெச்சுப் பூட்டுறவங்களுக்கு: கரண்டே பாக்காம கிடந்தா ஃபிளாஷ்ல இருக்கிற சார்ஜ் மெல்லக் கசியும். தேய்ஞ்சு முடிஞ்ச டிரைவுக்கு 30 டிகிரியில ஒரு வருசம் தாங்கினா போதும்னுதான் தொழில் தரமே இருக்கு. கல்யாண போட்டோவுக்கு ஹார்ட் டிஸ்க்தான், அதுவும் ரெண்டு காப்பி. பாலா அண்ணா பழைய 1 டிபியைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

ரிசர்வாயர்ஹில்ஸ்_பாலா

முடிவு பண்ணிட்டேன். எஸ்என்770 1 டிபி, உள்ளூர் கடையிலயே. மிச்சக் காசுக்கு மேல கொஞ்சம் போட்டு சின்ன யூபிஎஸ். வேலன் சொன்ன 2 டிபி ஆசையா இருந்துச்சு, ஆனா ரெண்டாவது எம்.2 ஸ்லாட்டு காலியாத்தான் இருக்கு, அடுத்த வருசம் பாத்துக்கலாம். அப்போ வேணும்னா க்யூஎல்சியா எடுத்துக் கேமை மட்டும் கொட்டி வெச்சுக்கிறேன்.

மாமா, நானே மாட்டலாமா? வெள்ளிக்கிழமை குட் ஃப்ரைடே, அம்மாவைக் கூட்டிக்கிட்டு மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குப் போறோம், அன்னைக்கு ஒண்ணும் நடக்காது. சனிக்கிழமைதான் பெட்டியைத் திறக்கணும். வேற எதுல கவனமா இருக்கணும்?

மெரிபேங்க்_மாமா

தாராளமா நீயே மாட்டு. ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.

சனிக்கிழமை பெட்டியைத் திறக்கிறதுக்கு முன்னாடி அந்த எம்.2 ஸ்க்ரூ எங்க இருக்குன்னு இப்பவே தேடு. அரிசி அளவுதான் இருக்கும், டிரைவோட வராது, போர்டு பெட்டியில ஒரு குட்டி பாக்கெட்ல வரும். போர்டு பெட்டியைத் தூக்கிப் போட்டவங்க எல்லாம் அதைக் கேட்டுத்தான் என்கிட்ட வருவாங்க.

மேல இருக்கிற ஸ்லாட்டுல போடு, பிராசசருக்குப் பக்கத்துல இருக்குமே அது. கீழ் ஸ்லாட்டுல போட்டா நிறைய போர்டுல ரெண்டு சாட்டா போர்ட்டு அணைஞ்சிடும். எந்த ரெண்டுன்னு மேனுவல்ல இருக்கும். அடுத்த வருசம் ரெண்டாவது டிரைவ் போடும்போது ஹார்ட் டிஸ்க் காணோம்னு நீ பதறக் கூடாதுன்னு இப்பவே சொல்லி வைக்கிறேன், கேபிளை வேற போர்ட்டுக்கு மாத்தினா வந்துடும்.

கிராஃபிக்ஸ் கார்டைக் கழட்டிட்டு வேலை பாரு, கை நல்லா போகும். பவர் சப்ளை சுவிட்சை அணை, பிளக்கைப் பிடுங்கு, கேஸோட இரும்பைத் தொட்டுட்டு ஆரம்பி. டிரைவைச் சாய்வா சொருகு, 30 டிகிரி மாதிரி. தங்கப் பட்டை முழுக்க உள்ள போகணும். அப்புறம் படுக்க வெச்சு ஸ்க்ரூவை முடுக்கு, இறுக்கிக் கொல்லாதே.

உன் போர்டுல ஹீட்சிங்க் தகடு இருந்தா அதுக்கு அடியில இருக்கிற பேடுல ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும், அதை உரிச்சிடு. உரிக்காம மாட்டிட்டு டிரைவ் கொதிக்குதுன்னு வர்றாங்க. டிரைவ் மேல இருக்கிற ஸ்டிக்கரை மட்டும் உரிக்காதே, வாரண்டி போயிடும். ஜென்3 வேகத்துல இது அவ்வளவா சூடாகாது, டர்பன் பிப்ரவரி புழுக்கத்துலயும் சமாளிக்கும்.

அடுத்ததுதான் முக்கியம். விண்டோஸ் 11 புதுசா போடும்போது பழைய எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் ரெண்டோட கேபிளையும் கழட்டி வை. புது டிரைவ் மட்டும் இருக்கட்டும். இல்லேன்னா விண்டோஸ் புதுசுல உக்காந்துக்கும், பூட் பண்ற ஃபைலைக் கொண்டு போய்ப் பழைய டிஸ்க்ல வெச்சிடும். பின்னாடி ஒருநாள் பழைய டிஸ்க்கை எடுத்தே, மெஷின் எழுந்திருக்காது.

மிட்ராண்ட்_செந்தில்

மாமா சொன்னதோட ரெண்டு. பழைய விண்டோஸை அப்படியே க்ளோன் பண்ணணும்னு நினைக்காதீங்க, அது எம்பிஆர்ங்கிற பழைய டிஸ்க் முறையில போட்டிருந்தா என்விஎம்இ-லேர்ந்து பூட்டாக வேற கூத்து வரும். புதுசா போடுறதே சுத்தம். கேமைத் திரும்ப இறக்கவும் வேண்டாம், ஹார்ட் டிஸ்க்கை மாட்டின பிறகு ஸ்டீம் செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் பக்கம் போய், விளையாடுறதை மட்டும் புது டிரைவுக்கு 'மூவ்' கொடுங்க. 931 ஜிபிதான் காட்டும், ஏமாத்திட்டான்னு கடைக்குப் போயிடாதீங்க. கம்பெனி ஆயிரம் ஆயிரமா எண்ணுது, விண்டோஸ் 1,024-ஆ எண்ணுது. அதுலயும் ஒரு 10, 15 சதவீதம் காலியா விட்டு வையுங்க. டிஃப்ராக் புரோகிராம் எதையும் தனியா போட வேண்டாம், எந்த இடம் காலின்னு டிரைவுக்குச் சொல்ற டிரிம் கட்டளையை விண்டோஸே வாரம் ஒருதடவை அனுப்பும்.

மாட்டினதும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பாருங்க, 'பிசிஐஇ 3.0 x4'-ன்னு (x4ன்னா நாலு லேன்) வரணும். x2-ன்னு வந்தா ஸ்லாட்டு மாறிப் போச்சு.

ரிசர்வாயர்ஹில்ஸ்_பாலா

மாட்டியாச்சு. ஸ்க்ரூ போர்டுலயே முடுக்கி இருந்துச்சு, தேடினதுதான் மிச்சம். 3.0 x4 காட்டுது. படிக்கிற வேகம் 3,400 சொச்சம். விண்டோஸ் 11 ஓடுது. பல்டர்ஸ் கேட் லோடாகும்போது வர்ற டிப்ஸை இப்போ படிக்கவே முடியலை, அதுக்குள்ள போயிடுது. சைபர்பங்க் கட்டடம் எல்லாம் ஜன்னலோட நிக்குது. எஃப்பிஎஸ் லோகா சொன்ன மாதிரி ஒண்ணு கூட ஏறலை.

பழைய 240-ஐ ஒரு யூஎஸ்பி கேஸ்ல போட்டு சேவ் ஃபைல் காப்பிக்கு வெச்சிருக்கேன்.

கேப்டவுன்_கயல்

நடுவுல வர்றேன், மன்னிக்கணும். எங்க வீட்ல பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5). உள்ள இருக்கிற 825 ஜிபி நிறைஞ்சு போச்சு. பாலா வாங்கின இதே எஸ்என்770-ஐ அதுல போடலாமா? கடையில தள்ளுபடி போகுது.

மிட்ராண்ட்_செந்தில்

வேண்டாம் கயல். பாலாவுக்கு சரியா இருந்ததுக்குக் காரணம் அவர் மெஷின் 3,500-க்கு மேல எடுக்காது. பிஎஸ்5-க்கு ஜென்4 கட்டாயம், படிக்கிற வேகம் 5,500 எம்பி இருக்கணும்னு சோனியே சொல்லுது. எஸ்என்770 1 டிபி 5,150. மாட்டினா ஓடத்தான் செய்யும், ஆனா காசு கொடுத்து வாங்குறதைக் கணக்குக்குக் கீழ ஏன் வாங்கணும். டிராம் இல்லாத டிரைவுக்கு ரேம் கடன் கொடுக்கிற வேலையையும் பிஎஸ்5 பண்ணாது. எஸ்என்850எக்ஸ் ஹீட்சிங்க்கோட வர்றதைப் பாருங்க.  டிரைவும் ஹீட்சிங்க்கும் சேர்ந்து மொத்த உயரம் 11.25 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும், பிசிக்கு விக்கிற தடிமனான ஹீட்சிங்க் எல்லாம் மூடிக்குள்ள அடங்காது.

லெனேசியா_லோகா

கயல், அந்தத் தள்ளுபடி எந்தக் கடையில? எனக்கு ரெண்டாவது ஸ்லாட்டு காலியா இருக்கு.